‘கூடத்தான் நின்றேன்’: வாளும் காசும் கலந்த கூட்டங்களைப் பற்றி வேதம் சொல்வது

யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவர் தம் தங்கையின் மகனைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் அந்தப் பிள்ளை, சில மாதங்களாக இரவில் மோட்டார் சைக்கிள்களில் வந்து ஏற்றிச்செல்லும் ஒரு கூட்டத்தோடு திரிகிறான். அக்கூட்டம் வெளிநாட்டிலிருந்து வந்த காசுக்காக ஒரு வீட்டின் கேற்றையும் யன்னல்களையும் வாளால் கொத்தி நொறுக்கியது என்று ஊரில் பேச்சு இருக்கிறது. கேட்டால், “நான் ஒருவரையும் தொடவில்லை, கூடத்தான் நின்றேன்” என்கிறானாம். ‘ஆகாத சம்பாஷணைகள்’ என்ற வசனத்தைச் சொன்னபோது, “இயேசுவும் பாவிகளோடுதானே இருந்தார்” என்று திருப்பிக் கேட்டிருக்கிறான். அந்த ஒரு வசனத்தைத் தவிர வேதத்தில் இதற்கு என்ன இருக்கிறது, கூட நிற்பதும் குற்றமா, அவனுடைய கேள்விக்கு என்ன பதில் என்பவை அன்பர் கேட்கும் மூன்று விஷயங்கள்.

நீங்கள் எடுத்துச் சொன்ன வசனம் 1 கொரிந்தியர் 15:33. கிரேக்கரிடையே முன்னரே வழங்கிவந்த ஒரு வாக்கைப் பவுல் எடுத்து, உயிர்த்தெழுதல் இல்லை என்றவர்களோடு வாதாடும் இடத்தில் வைத்திருக்கிறார். பொதுவான எச்சரிக்கையாக அது நல்லதுதான். ஆயினும், கூடாத கூட்டம் ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று வளர்ந்த பிள்ளையிடம் சொன்னால், “எனக்குப் புத்தி இல்லையா, நான் கெட்டுப்போக மாட்டேன்” என்றுதான் அவன் பதில் சொல்வான். அந்தக் கூட்டம் அவனிடம் பேசுகிற பேச்சையே அவன் முன்னால் எடுத்து வைக்கும் ஒரு பகுதிதான் அவனுக்கு வேண்டும். அது நீதிமொழிகள் முதலாம் அதிகாரத்தில், 10ஆம் வசனம் முதல் 19ஆம் வசனம் வரை இருக்கிறது.

அந்த நூல் தன் நோக்கத்தை முதல் ஏழு வசனங்களில் சொல்லிவிட்டு, தகப்பன் புத்தியையும் தாயின் போதகத்தையும் தள்ளாதே என்று மகனை அழைத்த உடனே கொடுக்கும் முதலாவது எச்சரிக்கை இதுதான். சோம்பலைப் பற்றியும், பிறனுக்காகப் பிணை நிற்பதைப் பற்றியும், பிறன்மனை நாடுவதைப் பற்றியும் பின்னர் விரிவாகப் பேசப்போகிற நூல், அவை எல்லாவற்றுக்கும் முன்னே, மகனைத் தேடிவந்து கூப்பிடும் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. தகப்பன் அந்தக் கூட்டத்தைத் திட்டவில்லை. அவர்கள் என்ன சொல்லி அழைப்பார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்வதுபோலச் சொல்லிக் காட்டுகிறான்: “எங்களோடே வா, இரத்தஞ்சிந்தும்படி நாம் பதிவிருந்து, குற்றமற்றிருக்கிறவர்களை முகாந்தரமின்றிப் பிடிக்கும்படி ஒளித்திருப்போம்.” அதன் பின் கொள்ளைப் பொருளால் வீடுகளை நிரப்பும் ஆசையைக் காட்டுகிறார்கள். கடைசியாக வருவது, “எங்களோடே பங்காளியாயிரு, நம்மெல்லாருக்கும் ஒரே பை இருக்கும்” என்ற வாக்கு.

இந்த அழைப்பைச் சற்று நின்று பாருங்கள். அதில் காசு மூன்றாவதாகத்தான் வருகிறது. முதலில் வருவது ‘எங்களோடே வா’ என்ற அழைப்பு. பாடசாலையை விட்டு வந்துவிட்ட, ஆனால் இன்னும் வேலையிலோ பல்கலைக்கழகத்திலோ கால் வைக்காத பிள்ளைக்கு, வீட்டில் ஒரு காரியத்திலும் அபிப்பிராயம் கேட்கப்படாத பிள்ளைக்கு, தன்னை ஒருவன் தேடி வந்து படலையில் நின்று கூப்பிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அந்தத் தகப்பன் அறிந்திருக்கிறான். பங்கு விஷயத்திலும் அப்படியே. நேற்று வந்தவனுக்கும் தலைவனுக்கும் ஒரே பை என்கிறார்கள். வயதுக்கும் படிப்புக்கும் பணத்துக்கும் ஏற்றபடி ஆளை அளக்கும் நம் ஊரில், அளக்காமல் சேர்த்துக்கொள்வோம் என்று வாக்குக் கொடுக்கும் இடங்கள் மிகக் குறைவு. ஆகவே, காசுக்காகத்தான் போகிறான் என்று உங்கள் மருமகனிடம் நீங்கள் பேச்சைத் தொடங்கினால், அவன் அதை நியாயமாகவே மறுப்பான்.

‘முகாந்தரமின்றி’ என்பதையும் கவனிக்க வேண்டும். இலக்காகும் மனிதன் தங்களுக்கு ஒரு தீங்கும் செய்யாதவன் என்பதை அந்தக் கூட்டமே ஒப்புக்கொள்கிறது. நம் ஊரில் நடப்பதும் இதுவே. இலக்கத்தகட்டை மறைத்த மோட்டார் சைக்கிள்களில், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. காணிப் பிணக்கோ, கொடுக்கல் வாங்கலோ, முறிந்துபோன திருமணப் பேச்சோ, எதுவாயினும் அது எங்கோ இருக்கும் வேறு ஒருவருடைய கோபம். விடிந்த பின் முற்றத்தில் யன்னற் கண்ணாடியைக் கூட்டி அள்ளும் ஆச்சிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு பகையும் இல்லை. இதை உங்கள் மருமகனிடம் மெதுவாகக் கேளுங்கள்: அந்த வீட்டாரின் பெயர் உனக்குத் தெரியுமா?

தகப்பனின் பதில் கால்களைப் பற்றியது. “என் மகனே, நீ அவர்களோடே வழிநடவாமல், உன் காலை அவர்கள் பாதைக்கு விலக்குவாயாக” என்கிறான். கை செய்யும் காரியம் பின்னர் வருவது. அதற்கு முன்னரே கால் எங்கே போகிறது என்பதில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. நான்காம் அதிகாரத்தில் 14, 15ஆம் வசனங்கள் இதையே வற்புறுத்துகின்றன: பிரவேசியாதே, நடவாதே, வெறுத்துவிடு, போகாதே, விலகு, கடந்துபோ. இரண்டே வசனங்களில் ஒரே கட்டளையை ஆறு தடவை சொல்ல வேண்டியிருந்தது என்றால், அந்தப் பாதையில் கால் வைத்தபின் திரும்புவது எவ்வளவு கடினம் என்பதை எழுதியவர் கண்டிருக்க வேண்டும்.

பின்னர் வலையைப் பற்றிய வசனம் வருகிறது. பறவை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் கண்முன் வலையை விரிப்பது வீண். இவர்களோ தங்கள் இரத்தத்துக்கே பதிவிருக்கிறார்கள், தங்கள் பிராணனுக்கே ஒளித்திருக்கிறார்கள். பறவைக்கு உள்ள எச்சரிக்கைகூட இவர்களுக்கு இல்லை என்பதே இதன் பொருள் என்று நான் கொள்கிறேன். பண்ணைக் கடலில் களங்கண்ணி வலை கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தடிகளை ஊன்றிக் கட்டிய வலைச்சுவர் மீனைத் துரத்துவதில்லை. மீன் தன் போக்கில் அதை ஒட்டியே நீந்திப்போய்க் கூட்டுக்குள் நுழைகிறது, வந்த வழி அதற்குப் பிறகு அகப்படுவதில்லை. வாளோடு திரிந்த கூட்டங்கள் பெரும்பாலும் எதிலே முடிந்தன என்று பாருங்கள். பங்கு பிரிப்பதில் சண்டை வந்து ஒரே கூட்டம் இரண்டாகி, நேற்றுத் தோளில் கைபோட்டு நின்றவனையே வெட்டியிருக்கிறார்கள். ‘ஒரே பை’ என்ற வாக்கு அங்கேதான் உடைகிறது.

இந்தப் பகுதி முடியும் வசனம் எனக்கு எப்போதும் முக்கியமாகப் படுகிறது: “பொருளாசையுள்ள எல்லாருடைய வழியும் இதுவே, இது தன்னையுடையவர்களின் உயிரை வாங்கும்.” பதுங்கியிருந்து கொல்பவர்களைப் பற்றித் தொடங்கிய பேச்சு, பொருளாசையுள்ள எல்லாரையும் உள்ளே இழுத்துக்கொண்டு முடிகிறது. வாளைக் கையில் எடுக்காதவனும், அதற்கு விலை கொடுத்தவனும், அதனால் வந்த இலாபத்தில் கண்ணை மூடிக்கொண்டு பங்கு பெற்றவனும் ஒரே வழியில்தான் நடக்கிறார்கள். நீதிமொழிகள் 29:24, திருடனோடு பங்கிட்டுக்கொள்ளுகிறவன் தன் ஆத்துமாவைப் பகைக்கிறான் என்று இதையே நேராகச் சொல்கிறது.

காசுக்காக அல்ல, மானத்துக்காகச் செய்தோம் என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் வேதத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. யாக்கோபின் மகள் தீனாளைச் சீகேம் என்பவன் தீட்டுப்படுத்தினான். அவள் சகோதரர் சிமியோனும் லேவியும், அந்தப் பட்டணத்து ஆண்கள் விருத்தசேதனம் செய்துகொண்ட நோவில் கிடந்த வேளையில், பட்டயத்தோடு நுழைந்து எல்லாரையும் கொன்றார்கள். பின்னர் யாக்கோபின் குமாரர் பட்டணத்தைக் கொள்ளையிட்டு, ஆடுமாடுகளையும் பெண்களையும் பிள்ளைகளையும் கொண்டுபோனார்கள் (ஆதியாகமம் 34). தங்கைக்கு நடந்தது உண்மையான அநியாயம். ஆனாலும் மானத்துக்காக உருவப்பட்ட வாள் கொள்ளையில் முடிந்தது. யாக்கோபு மரணப்படுக்கையில் அதை மறக்கவில்லை. “அவர்களுடைய பட்டயங்கள் கொடுமையின் கருவிகள். என் ஆத்துமாவே, அவர்களுடைய இரகசிய ஆலோசனைக்கு உடன்படாதே, என் மேன்மையே, அவர்கள் கூட்டத்தில் நீ சேராதே” என்று ஆதியாகமம் 49இல் சொல்கிறான். இதைச் சொல்பவன் ஒரு தகப்பன். யாரைப் பற்றிச் சொல்கிறானோ அவர்கள் அவன் பெற்ற பிள்ளைகள். இரத்த உறவு என்பதற்காகக்கூட அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன் என்கிறான். சாதி, ஊர், கழகம் என்று எந்தப் பெயரில் அழைப்பு வந்தாலும் இந்த வசனத்துக்கு முன் அது நிற்காது.

தீனாளுக்கு அநியாயம் நடந்த அந்தப் பட்டணத்தின் பெயரும் சீகேம்தான். அதே ஊரில் பிற்காலத்தில் நடந்ததை, வெளியிலிருந்து காசு அனுப்புகிறவர்கள் வாசிக்க வேண்டும். நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தில், கிதியோனின் மகன் அபிமெலேக்கு தன் தாயின் ஊராரிடம் போய் ஆதரவு கேட்கிறான். சீகேமின் பெரிய மனிதர்கள் பாகால்பேரீத் என்ற தங்கள் தெய்வத்தின் கோயிலிலிருந்து 70 வெள்ளிக்காசை எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தக் காசில் அவன் வீணரும் போக்கிரிகளுமான மனிதரைச் சேர்த்துக்கொண்டு, தன் சகோதரர் 70 பேரையும் கொல்லப் போகிறான். ஒரே கல்லின்மேல் கொலை நடக்கிறது. இளையவன் யோதாம் மட்டும் ஒளிந்திருந்து தப்புகிறான். தலைக்கு ஒரு வெள்ளிக்காசு. கொடுத்தவர்கள் வாளைத் தொடவில்லை. தங்கள் சொந்தக்காரனுக்கு உதவினோம் என்றே நினைத்திருப்பார்கள். மூன்று வருடங்களில் அவர்களுக்கும் அவனுக்கும் பகை வந்தது. அவர்கள் மலையுச்சிகளில் பதிவிருந்து வழிப்போக்கரைக் கொள்ளையிட ஆள் வைத்தார்கள். அவன் வந்து பட்டணத்தை இடித்து உப்பு விதைத்தான். அரணுக்குள் ஓடி ஒளிந்த ஏறக்குறைய ஆயிரம் ஆண்களும் பெண்களும் தீயில் மாண்டார்கள். அவனும் தேபேசில் ஒரு பெண் எறிந்த திரிகைக்கல்லால் மண்டை உடைந்து விழுந்தான். அந்த அதிகாரத்தின் கடைசி வசனங்கள், தேவன் அபிமெலேக்கின் பொல்லாப்பை அவன்மேலும், சீகேம் மனிதரின் பொல்லாப்பை அவர்கள் தலையின்மேலும் திரும்பப்பண்ணினார் என்று, கூலிக்கு வெட்டியவனையும் கூலி கொடுத்தவர்களையும் ஒரே கணக்கில் எழுதுகின்றன. நாபோத்தின் திராட்சத்தோட்டக் கதையிலும் (1 இராஜாக்கள் 21) அப்படித்தான்: அந்தத் தோட்டத்தின்மேல் அரசன் ஆகாப் கொண்ட பேராசைக்காக, நாபோத்தைக் கொல்லும்படி அவன் மனைவி யேசபேல் எழுதிய கடிதத்தை நிறைவேற்றியவர்கள் அவ்வூர் மூப்பரும் பெரியோருமே.

இப்போது ‘கூடத்தான் நின்றேன்’ என்பதற்கு வருகிறேன். இதே வாக்கு வேதத்தில் ஒருவருடைய வாயிலிருந்து வந்திருக்கிறது, அவர் பவுல். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, சாட்சிக்காரர் தங்கள் மேலாடைகளைச் சவுல் என்னும் வாலிபனின் காலருகே வைத்தார்கள் (அப்போஸ்தலர் 7:58). அவன் ஒரு கல்லும் எறிந்ததாக எழுதப்படவில்லை. பல வருடங்களுக்குப் பின், எருசலேமில் கூட்டத்தார் முன் நின்று, ஸ்தேவானுடைய இரத்தம் சிந்தப்பட்டபோது நானும் அருகே நின்று, அதற்குச் சம்மதித்து, கொலை செய்தவர்களின் வஸ்திரங்களைக் காத்துக்கொண்டிருந்தேன் என்று தானே சொல்கிறார் (22:20). அருகே நின்றதையும் சம்மதித்ததையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. ‘பாவிகள் உனக்கு நயங்காட்டினாலும் நீ சம்மதியாதே’ என்று நீதிமொழிகள் விலக்கியதைத்தான் தான் செய்ததாக ஒப்புக்கொள்கிறார். உங்கள் மருமகன் ஒருவேளை மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம், தெருமுனையில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். வஸ்திரங்களைக் காத்தவனின் இடம் அதுதான்.

நாட்டுச் சட்டமும் இதில் வேறுபடவில்லை. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் இயற்றப்பட்டது, இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 138ஆம் பிரிவின்படி ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ குற்றமான ஒரு பொது நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதமான கூட்டம். அந்த நோக்கத்தை நிறைவேற்றுகையில் கூட்டத்தில் ஒருவர் செய்த குற்றத்துக்கு, அவ்வேளையில் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் பொறுப்பாளியாகலாம் என்று 146ஆம் பிரிவு சொல்கிறது. இதை அவனைப் பயமுறுத்துவதற்காக அல்ல, அவன் நிற்கும் இடம் எது என்று அவன் அறிந்திருப்பதற்காகச் சொல்லுங்கள்.

இயேசு பாவிகளோடு இருந்தார் என்பது உண்மை, அதை மறுக்க வேண்டாம். ஆனால் அவர் சகேயுவின் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். சகேயுவோடு வரி பறிக்கப் போகவில்லை. அந்தச் சாப்பாட்டின் முடிவில் சகேயு தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பவும் எழுந்து நின்றான் (லூக்கா 19). வாளைப் பற்றி, கெத்செமனேயில் தமக்காகவே அதை உருவிய சீஷனிடம், “பட்டயத்தை எடுக்கிற யாவரும் பட்டயத்தால் மடிந்துபோவார்கள்” என்றார். மருமகனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நீ போனதால் அந்தக் கூட்டத்தில் எவனாவது அதை விட்டு வெளியே வந்தானா?

இதோடு சபையாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தில் பவுல், உலகத்துப் பொருளாசைக்காரரையும் கொள்ளைக்காரரையும் முற்றாக ஒதுக்க நினைத்தால் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்கும் என்கிறார். ஆனால் ‘சகோதரனென்னப்பட்ட ஒருவன்’ அப்படி இருந்தால் அவனோடு சாப்பிடவும் கூடாது என்கிறார். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வழிதவறிய பிள்ளையின் தாயைக் கோயில் வாசலில் ஒதுக்குகிறோம். கூலிக்கு ஆள் பிடித்தவர் என்று ஊரே அறிந்தவர் வெளிநாட்டிலிருந்து வந்தால், திருவிழா மேடையில் அவருக்கு மாலை போடுகிறோம். இது பிழை என்று சொல்ல நான் தயங்கவில்லை.

தாவீதிடம் அதுல்லாம் குகையில் வந்து சேர்ந்த ஏறக்குறைய 400 பேரும் ஒடுக்கப்பட்டவர்களும் கடன்பட்டவர்களும் மனக்கசப்புள்ளவர்களும்தான் (1 சாமுவேல் 22:2). வாள்க்கூட்டங்களுக்கு ஆள் கிடைப்பதும் இப்படிப்பட்டவர்களிலிருந்தே. பின்னர் பெருகிய அந்தக் கூட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 பேர் ஒருநாள், நாபால் என்ற செல்வன் சொன்ன அவமானச் சொல்லுக்காக, தாவீதோடு வாளைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டாரை அழிக்கப் புறப்பட்டார்கள். நாபாலின் மனைவி அபிகாயில் அப்பங்களையும் திராட்சரசத்தையும் வறுத்த பயற்றையும் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு எதிரே வந்து மறித்தாள். தாவீது அவள் சொல்லைக் கேட்டுத் திரும்பினான், தன்னை இரத்தஞ்சிந்தாமல் தடுத்ததற்காக அவளை வாழ்த்தினான் (1 சாமுவேல் 25). இதை நான் எடுத்துச் சொல்வது, வாளோடு புறப்பட்டவனை வழியில் மறிக்க முடியும் என்பதற்காகவும், மறிக்கிறவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாது என்பதற்காகவும். பெறுபேறு வரும்வரை அந்தப் பிள்ளை பகல் முழுவதும் என்ன செய்கிறான்? ஒரு கராஜிலோ, கடையிலோ, தோட்டத்திலோ அவனுக்குக் கைவேலையும் அதற்கு மரியாதையான கூலியும் நீங்கள் ஏற்பாடு செய்ய முடியுமானால், அதைச் செய்துவிட்டு வசனம் சொல்லுங்கள். எபேசியர் 4:28 திருடுகிறவனைத் திருடாதே என்பதோடு விடாமல், தன் கைகளால் நலமான வேலை செய்து இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்றும் சொல்கிறது.

நீங்கள் தாய்மாமன் என்பதால் கடைசியாக ஒன்றைக் காட்ட விரும்புகிறேன். அப்போஸ்தலர் 23ஆம் அதிகாரத்தில், பவுலைக் கொல்லும்வரை உண்பதில்லை குடிப்பதில்லை என்று சபதம் செய்த 40 பேருக்கு மேற்பட்ட ஒரு கூட்டம் வழியில் பதிவிருக்கத் திட்டமிடுகிறது. அதைக் கேள்விப்பட்டவன் பவுலின் சகோதரியின் மகன், ஒரு வாலிபன். அவன் கோட்டைக்குள் போய் மாமனிடம் சொல்கிறான். பவுல் அவனைச் சேனாபதியிடம் அனுப்புகிறார். சேனாபதி அவன் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப்போய்க் கேட்டு, தன்னிடம் சொன்னதை ஒருவருக்கும் சொல்லாதே என்று அவனைக் காப்பாற்றி அனுப்புகிறான். முன்னொரு நாள் கொலைக்கு அருகே நின்ற மனிதரின் உயிர், அருகே நிற்க மறுத்த மருமகனால் தப்பியது.

அவன் உங்களிடம் வந்து சொல்லக்கூடியவனாக இருக்க வேண்டும் என்றால், அவன் சொல்வது தெருவுக்குப் போகாது என்ற நம்பிக்கை அவனுக்கு இருக்க வேண்டும். ஆகவே ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி விசாரிக்க வேண்டாம். தனியே, கையைப் பிடித்துக் கேளுங்கள். விலகினால் வெட்டுவோம் என்று அவனை மிரட்டியிருக்கக்கூடும். அதை முதலில் கேட்டறியுங்கள். நடந்ததில் அவனுக்குப் பங்கு இருந்தால், பொலிஸ் வீட்டுக்கு வரும்வரை காத்திராமல், நம்பிக்கையான ஒரு சட்டத்தரணியிடமும் உங்கள் குருவானவரிடமும் நீங்களே அவனைக் கூட்டிச் செல்லுங்கள். முகவரைப் பிடித்து அவனை அவசரமாக வெளிநாட்டுக்கு ஏற்றிவிடுவதை நான் ஆலோசனையாகச் சொல்ல மாட்டேன். காசு அனுப்பிய கைகள் அங்கேதான் இருக்கின்றன, அவனை அவர்கள் அறிவார்கள். அந்த வீட்டாருக்கு நேர்ந்த சேதத்தில் அவனால் கொடுக்க முடிந்த பங்கை, சட்டத்தரணி வழிகாட்டும் முறையில், அவனுடைய உழைப்பிலிருந்தே அவன் கொடுக்கட்டும். அந்தத் தொகை சிறிதாக இருந்தாலும் அதை நீங்கள் அவனுக்காகக் கொடுத்துவிடாதீர்கள்.